எங்கள் வீடு மோசமான வீடு

தான் கட்டிய வீடு மோசமான வீடு என்று என் கணவர் ஆறேழு பேர் முன்னால் நின்று சொன்னதை, பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டேன். நகராட்சி அலுவலகத்தின் மாடி அறை அது. எதிரே மேசைக்கு அந்தப் பக்கம் சொத்து வரி மேல்முறையீட்டுக் குழு. வரியைக் குறைக்கச் சொல்லி மனு போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்னது அத்தனையும் பொய். எங்கள் வீட்டைப் போல உறுதியான வீடு அந்தத் தெருவிலேயே கிடையாது.

நாங்கள் இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம், எனக்குச் சங்கரன்கோவில். ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு வந்தவர், ரூமுக்கு எட்டுப் பேராகப் படுத்துக் கிடந்து, லைன் லீடர் வரைக்கும் ஏறினார். கல்யாணம் முடிந்து படப்பையில் வாடகைக்கு இருந்தோம். பிறகு, ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஏரிக்குப் பின்புறம் மனை பிரித்தபோது ஒன்றை வாங்கிப்போட்டோம். அப்போது அது ஊராட்சி. வீட்டு வரி என்று ஒன்று இருப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஞாபகம் வரும்.

வீட்டை மேஸ்திரி கட்டினார் என்பது பேச்சுக்குத்தான். இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் படுக்காமல் நேரே மனைக்குப் போய்விடுவார். தூண்களைச் சுற்றிக் கட்டிய சாக்கு காய்ந்துவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். மேல்தளத்துக்குக் கம்பி கட்டி முடித்த பிறகு, இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்று பாதியை அவிழ்க்க வைத்துத் திரும்பக் கட்டச் சொன்னார். மேஸ்திரி தலைப்பாகையை அவிழ்த்து உதறிவிட்டு, “சார், நீ வூடு கட்டறியா, பாலம் கட்டறியா?” என்று கேட்டார். இவருக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. ஊருக்குப் போன இடத்தில் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வீட்டைப் பார்க்க யார் வந்தாலும் முதலில் மாடிக்குத்தான் கூட்டிப் போவார். காபி கொடுக்கக்கூட விடமாட்டார்.

பிறகு கம்பெனி அவருடைய லைனை மூடியது. மெஷின்களை வேறு மாநிலத்துக்கு ஏற்றிப் போனார்கள். ஆட்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தார்கள். நாற்பது தாண்டியவரை இன்னொரு கம்பெனி எடுக்கவில்லை. இப்போது பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் செக்யூரிட்டி. அவருக்குக் கீழே வேலை பழகியவர்கள் கம்பெனி காரில் வரும்போது கேட்டைத் திறந்துவிடுகிறார். நான் ஒரு வயரிங் கம்பெனியில் தரப் பரிசோதனை செய்கிறேன். வீடு ஓடுவது அதில்தான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பகுதியை நகராட்சியோடு சேர்த்தார்கள். சேர்த்த சூட்டோடு வீடுகளை அளந்தார்கள். கொஞ்ச நாளில் வரி பல மடங்காகி வந்து நின்றது. பில் கலெக்டர் நோட்டீஸ் கொடுக்க வந்தபோது, இவர் டூட்டிக்குக் கிளம்பி யூனிபார்மோடு வாசலில் நின்றிருந்தார்.

“எதுக்கு சார் இவ்வளவு? ரோடு கிடையாது, சாக்கடை கிடையாது, கேன் தண்ணிதான் குடிக்கோம்.”

“அதெல்லாம் வரும் சார். கம்பெனிங்க சுத்தி வந்துட்டதால உங்க ஏரியா மதிப்பு ஏறிடுச்சு. முதல் மண்டலத்துல போட்டிருக்காங்க. கட்டடமும் முதல் தரம்னு இருக்கு.”

“கம்பெனி போனா இறங்குமா சார்?”

பில் கலெக்டர் அவருடைய யூனிபார்மை ஒரு தடவை பார்த்தார். “அதெல்லாம் இறங்காது” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தெருவே கொதித்தது. எங்கள் நகருக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. அதன் செயலாளர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வாலாஜாபாத்காரர். எல்லாரும் சேர்ந்து மேல்முறையீடு செய்யலாம் என்று அவர்தான் சொன்னார். அதற்கு ஒரு விதி இருந்தது. முதலில் போட்ட வரியைக் கட்டிவிட வேண்டும். பிறகுதான் அது அதிகம் என்று முறையிடலாம். அழுதுகொண்டே கட்டினோம்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை செயலாளர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் எங்களை உட்கார வைத்து ஒத்திகை நடத்தினார்.

“மண்டலத்தப் பத்திப் பேசினா எடுபடாது. அது மேல முடிவு பண்ணது. கட்டடத் தரத்தத்தான் குழு குறைக்க முடியும். அதனால நம்ம வூட்டப் பத்தி நல்லதா ஒரு வார்த்த வாயில வரக்கூடாது. ஒழுவுது, வெடிச்சிருக்கு, உப்பு பூத்துக்கினு கீது... புரியுதா? கூச்சப்படாதீங்க.”

ஒவ்வொருவரும் எழுந்து சொல்லிப் பார்த்தார்கள். ஒருவர் தன் வீட்டில் பாம்பு வருகிறது என்றார். எல்லாரும் சிரித்தோம். எங்கள் எதிர்வீட்டு அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் இந்த ஊரிலேயே தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் கம்பெனிக்காரர்களுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த புழக்கடையில் வரிசையாக ரூம் கட்டி, வெளியூரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். வாடகை ரூம் என்பதால் அவர்களுக்கு எங்களைவிட அதிகமாகவே போட்டிருந்தார்கள்.

இவருடைய முறை வந்தபோது, “நான் அங்க வந்து பேசிக்கிடுதேன்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

விசாரணை அன்று நான் லீவு போட்டேன், அவருக்கு இரவு டூட்டிதான். காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. குழுத் தலைவர் உள்ளூர்க் கவுன்சிலர். எதிர்வீட்டு அக்காவுக்கு நாத்தனார் வழியில் உறவு. அக்காவை எங்களுக்கு முன்னால் கூப்பிட்டார்கள். புழக்கடையில் இருப்பது ரூம் இல்லை, மாட்டுக் கொட்டாய் என்று அக்கா சொன்னார். தலைவர் தலையாட்டிக்கொண்டார். யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அக்கா வெளியே போகும்போது என் தோளைத் தொட்டு, “பயப்படாத, பேசச் சொல்லு” என்றார்.

இவர் எழுந்து நின்றார்.

“வூட்ல இன்னா கொற?” என்றார் தலைவர்.

“ஒழுகுது சார்.”

“எங்க?”

“மேல... தளம்.”

“கட்டி ரொம்ப வருஷம் ஆவலியே. அதுக்குள்ள ஒழுவுதா? செவுரு?”

“வெடிச்சிருக்கு.”

“எந்த செவுரு?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாலேயே பேசச் சொன்னேன். “எல்லாந்தான் சார்” என்றார்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் சிரித்துவிட்டார். “வெளியூர்க்காரங்கன்னா நம்ம மேஸ்திரிங்க தலைல நல்லா மொளகா அரைச்சிடுவானுங்க. கட்டும்போது நீங்க கூட நின்னு பாக்கலியா?”

இவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இல்ல சார். நான் கம்பெனிக்குப் போயிருவேன். பாக்கல.”

“அதான் பாரு” என்றார் உறுப்பினர். “ஆயுசுக்கும் ஒரு தடவதான் வூடு கட்டறோம். அதக்கூட நின்னு பாக்காம விட்டா இப்டித்தான்.” அதன் பிறகு கொஞ்ச நேரம் வீடு கட்டுவது எப்படி என்று இவருக்கு அறிவுரை சொன்னார்கள். இவரும் சரி சார், சரி சார் என்று கேட்டுக்கொண்டார். ஓவர்சியர் நேரில் வந்து பார்ப்பார், அவர் சொல்வதை வைத்து முடிவு செய்கிறோம் என்று அனுப்பினார்கள்.

வண்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். கண்டெய்னர் லாரி ஒன்று எங்களை உரசுவதுபோலப் போனது. அவர் ஹாரன்கூட அடிக்கவில்லை. அன்று இரவு டூட்டிக்குப் போகும்போது சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டே போனார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரில் எத்தனை பேர் வயிற்றுப்பாட்டுக்காக என்னென்னவோ சொல்கிறார்கள். செங்கல் சிமெண்டைப் பற்றி ஒரு பொய் சொல்லிவிட்டால் மானம் போய்விடுமா? வீட்டுச் செலவை இழுத்துப் பிடிக்கிற எனக்கல்லவா தெரியும் அந்த வரியின் கனம்.

ஓவர்சியர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னால், பின்பக்கச் சுவரில் குளியலறையை ஒட்டி லேசாக ஈரம் ஏறியிருந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டிவிட்டால் பார்க்க மோசமாக இருக்கும். செயலாளரே சொன்ன யோசனைதான். பழைய கரண்டியால் சுரண்ட ஆரம்பித்தேன். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வாயால சொன்னது பத்தாதா புள்ள? கையாலயும் செய்யணுமா?”

“இது வெறும் பெயிண்ட்டுங்க.”

“வச்சிரு கரண்டிய.”

நான் வைத்துவிட்டேன். சுரண்டியதில் இன்றைக்கும் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அன்றைக்கு இன்னும் நாலு இடத்தில் சுரண்டாமல் விட்டோமே என்றுதான் தோன்றுகிறது.

ஓவர்சியர் இளவயதுக்காரர். தெருவுக்குள் வந்ததும் முதலில் எதிர்வீட்டுக்குப் போனார். எங்கள் மாடியிலிருந்து அவர்கள் புழக்கடை தெரியும். ரூம் வரிசைக்கு முன்னால் ஒரு பசுமாட்டைக் கட்டியிருந்தார்கள். அந்த மாட்டை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மாட்டுக்கு மேலே கொடியில் கம்பெனி யூனிபார்ம்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஓவர்சியர் மாட்டைப் பார்த்தார், யூனிபார்ம்களைப் பார்த்தார், அக்கா கொடுத்த மோரைக் குடித்தார், எழுதிக்கொண்டார்.

பிறகு எங்கள் வீடு. வாசலுக்கு வந்ததுமே பேனாவின் பின்பக்கத்தால் போர்ட்டிகோத் தூணைத் தட்டினார்.

“இதுல மேஸ்திரி எவ்ளோ கம்பி முழுங்கினானோ. மெயின் ரோட்ல ஒரு பெரிய லாரி பிரேக் போட்டா விழுந்துடும் போல இருக்கே.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்குச் சாதகமாகத்தான் சொன்னார். எழுதத் தயாராகத்தான் நின்றார். ‘ஆமாம் சார்’ என்ற ஒரே ஒரு வார்த்தை. அது போதும்.

“யாரு சார் சொன்னது?” என்றார் இவர்.

“இல்ல, நீங்கதான மனுல...”

“இந்தத் தூணு விழுமா? உள்ள என்ன கம்பி போட்டிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? வாங்க. இங்க வாங்க.”

கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப் போனார். ஒவ்வொரு சுவரையும் உள்ளங்கையால் அறைந்து அறைந்து காட்டினார். ஜன்னலுக்கு மேலே கான்கிரீட் பட்டை எவ்வளவு தூரம் ஓடுகிறது, அஸ்திவாரத்தை எந்த மண் வரைக்கும் தோண்டினோம், மேஸ்திரியோடு எதற்கெல்லாம் சண்டை போட்டோம்... எனக்கே தெரியாத விஷயங்கள். “என்னங்க, என்னங்க” என்று நான் பின்னாலேயே போனேன். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

மாடிக்குப் போகும்போது குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டார். தளத்தின் நடுவில் நின்று அதை அப்படியே கொட்டினார். தண்ணீர் ஒரு நொடி பரவி நின்றது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோல மூலைக்கு ஓடி, குழாய்க்குள் இறங்கியது. தளத்தில் ஈரம் மட்டும் மிச்சம்.

“ஒரு பொட்டுத் தண்ணி நிக்குதா சார்? பாருங்க. குனிஞ்சு பாருங்க. இதப் போயி ஒழுகுதுன்னு சொல்லிட்டேன் நான்.”

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். “உண்மையிலேயே சூப்பரா கட்டியிருக்கீங்க சார்” என்றார். அதற்கு மேல் அவராலும் எதுவும் செய்ய முடியாது. கட்டடம் முதல் தரம்தான் என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது மாடிப்படிக்கு மேலே இருந்த சின்ன அறையும் கண்ணில் பட்டது. முதலில் அளந்தவர்கள் விட்டுவிட்டிருந்தார்கள். டேப்பை எடுத்தார். அதன் ஒரு முனையை இவர்தான் பிடித்துக்கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். லைன் மூடியதைச் சொன்னேன், கேட் திறப்பதைச் சொன்னேன். சொல்லக்கூடாததைச் சொன்னேன் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். இவர் காலி வாளியை வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“பொழைக்கத் தெரியாத மனுசன்கூட வந்து மாட்டிக்கிட்டேனே” என்றேன்.

“எனக்கும் தெரியுது புள்ள,” என்றார். “வரி கூடும்னு தெரியாமலா செஞ்சேன்? அவன் தூணத் தட்டிச் சொன்னதும் முடியல. இத விட்டா நான் செஞ்சதுன்னு வேற என்ன இருக்கு?”

முடிவு வந்தது. எங்கள் மனு தள்ளுபடி. மாடிப்படி அறையையும் சேர்த்ததால் வரி முன்பைவிடக் கூடியது. எதிர்வீட்டு அக்காவுக்குக் குறைந்தது. செயலாளருக்கும் பாம்பு வருகிறது என்றவருக்கும் குறையவில்லை. ஒரே நகரில், ஒரே காலத்தில், அதே மாதிரி கட்டிய வீடுகள். ஒன்று இவ்வளவு உறுதியாக இருக்கும்போது மற்றவை மட்டும் எப்படி விரிசல் விடும் என்று குழுவில் கேட்டார்களாம். அது உண்மையா, செயலாளர் தன் தோல்விக்குச் சொன்ன சாக்கா என்று தெரியாது. பழி எங்கள் மேல் விழுந்தது. தண்ணீர் கேன் வண்டிக்குக் காத்து நிற்கும்போது, நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ‘பாலம் கட்டினவர்’ என்று இவருக்குப் பெயர் வைத்தார்கள். மேஸ்திரி கேட்டதை இவரேதான் முன்பு சிரித்துச் சிரித்து அவர்களுக்குச் சொல்லியிருந்தார்.

எங்களிடம் முகம் கொடுத்துப் பேசியது எதிர்வீட்டு அக்கா மட்டும்தான். ஒருநாள் கேட் அருகே வந்து நின்றார்.

“இன்னாத்துக்கும்மா உன் வூட்டுக்காரரு அப்டி பண்ணாரு? நானே தலைவராண்ட உங்களப் பத்தி சொல்லி வெச்சிருந்தேன்.”

எனக்கு வயிற்றெரிச்சல். “மாட்டுக் கொட்டாய்னு சொல்ற தைரியம் அவருக்கு இல்லக்கா” என்றேன்.

அக்காவுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். ஆனால் கோபப்படவில்லை. “ஏரிக்கு அந்தாண்ட கம்பெனி கீதே, அது எங்க நெலம். ரெண்டு போகம் வெளைஞ்சது. எட்த்துக்க வந்தப்போ தரிசுன்னு எழுதித்தான் வெல போட்டாங்க. எங்க மாமனாரு நெல்லக் கையில அள்ளிக்கினு போயி ஆபீஸ்ல காட்டினாரு. யாரும் பாக்கல. அவங்க வெளையற நெலத்த தரிசுன்னு எழுதலாம். நான் ரூம மாட்டுக் கொட்டாய்னு சொல்லக்கூடாதா?” என்றார். பதிலுக்கு நிற்காமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டார்.

இவரிடம் அதைச் சொன்னபோது, “அந்தப் பெரியவரும் ஆபீஸுக்குப் போயி உண்மையத்தான காட்டியிருக்காரு” என்றார். இருவருக்கும் கிடைத்தது ஒன்றுதானே என்று நான் கேட்டேன்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஒருவர் சொன்னார். போகவில்லை. கட்டுகிறோம். அரையாண்டுக்கு அரையாண்டு, கவுண்ட்டர் முன்னால் நின்று கட்டிவிட்டு வருகிறேன். சாக்கடை இன்னும் வரவில்லை. மழைக் காலத்தில் ஏரித் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது. அதில் நடந்துதான் நான் கம்பெனி பஸ் ஏறப் போகிறேன். வீட்டுக்குள் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. அதைப் பெருமையாக நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை. அவரும் இப்போதெல்லாம் யாரையும் மாடிக்குக் கூட்டிப் போவதில்லை, வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் தெருவை வேறு மண்டலத்துக்கு மாற்றச் சொல்லி மேலிடத்துக்கே மறுபடி மனு போடப் போகிறார்களாம். போன ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். இவர் டூட்டி முடிந்து வந்து வாசலில் நின்றிருந்தார். செயலாளர் பக்கத்து வீட்டில் வாங்கினார். எங்கள் கேட்டைப் பார்த்தார். பாராத மாதிரி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

“கூப்பிடட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.